ஈ, தா, தாரும்: கொல்லிமலை நோக்கில் கிறித்தவ வேண்டல் மொழி

தமிழ் இலக்கிய வரலாற்றில் கிறித்தவர் தொண்டினைப் பேசப் புகுவார் பெரும்பாலும் காப்பியங்களோடு நின்றுவிடுகின்றனர். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726), எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) ஆராயப்பட்ட அளவிற்கு, வழிபாட்டில் நாள்தோறும் ஓதப்படும் வேண்டல்கள் ஆராயப்பட்டில. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் (1578) தன் பெயரிலேயே வணக்கத்தைத் தாங்கி நிற்கிறது. எனினும் அதனை அச்சுக்கலை வரலாற்றின் ஒரு மைல்கல்லாகக் காட்டுவாரே மிகுதி. ஒரு மொழி கடவுளிடம் பேச முயன்ற முயற்சியாக நோக்கியவர் சிலரே. வேண்டலும் ஓர் இலக்கிய வகையே. அதற்குக் கேட்போர் உண்டு, மொழிவோர் உண்டு, இடமும் மரபும் உண்டு. ஆகவே அதனை இலக்கிய அளவைகளால் ஆராய்தல் தகும் என்பது நம் கருத்து.

உண்மையும் பணிவும் வேண்டலுக்கு இரு கண்கள் என்பர் சமயச் சான்றோர். உள்ளத்தில் உள்ளதனை உள்ளவாறே உரைப்பது உண்மை. கேட்கப்படுவோரின் பெருமையை உணர்ந்து நிற்பது பணிவு. மொழியளவில் நோக்கின் இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். உண்மை எளிய சொல்லை நாடும். பணிவோ உயர்ந்த சொல்லை நாடும். எளிமை மிகின் பணிவு குன்றுமோ, உயர்வு மிகின் உண்மை மறையுமோ என்னும் ஐயம் எழுகின்றது. இவ்வையத்தைத் தீர்க்கும் வழி தமிழ் மரபிலேயே உளதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வாராய்ச்சிக்குக் கொல்லிமலையை நாம் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. கேட்டல் என்னும் செயலைப் பற்றித் தமிழில் எழுந்த மிக ஆழ்ந்த பாட்டு இம்மலைத் தலைவனை நோக்கிப் பாடப்பெற்றது. கிறித்தவ வேண்டல் மொழி தன் உண்மையை வாழ்வில் மெய்ப்பிக்க நேர்ந்த இடங்களுள் ஒன்றும் இம்மலையே.

இரத்தற் சொற்கள் மூன்று

ஒருவரிடம் ஒன்றனைக் கேட்கும்போது வழங்கும் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் வகைப்படுத்துகிறார். ஈ என்பது இழிந்தோன் உயர்ந்தோனிடம் கேட்கும் சொல். தா என்பது ஒத்தோர் தம்முள் கேட்கும் சொல். கொடு என்பது உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்கும் சொல். பொருளால் ஒன்றாகிய மூன்று வினைகளை, கேட்போனுக்கும் கொடுப்போனுக்கும் இடையே உள்ள உறவு பற்றியே ஆசிரியர் வேறுபடுத்தினார் என்பது நோக்கற்பாலது. கேட்கும் பொருள் யாதாயினும் ஆகுக. கேட்போன் தன்னை யாராகக் கருதுகிறான், எதிர்நிற்போனை யாராகக் கருதுகிறான் என்பதனை அவன் தேர்ந்த வினைச்சொல்லே வெளியிட்டுவிடும்.

இவ்விலக்கணத்தோடு இணைத்து நோக்கத்தக்கது புறநானூற்றின் 204ஆம் பாட்டு. கழைதின் யானையார் வல்வில் ஓரியை நோக்கிப் பாடியது அது. ஓரி கொல்லிமலைக்குத் தலைவன்; கடையெழு வள்ளல்களுள் ஒருவன். 'ஈ' என்று இரப்பது இழிவு எனத் தொடங்கும் புலவர், இரந்தார்க்கு இல்லை என்பது அதனினும் இழிவு என்கிறார். கொள்க என்று தானே முன்வந்து கொடுப்பது உயர்வு. அவ்வாறு கொடுத்ததனை வேண்டா என்பது அதனினும் உயர்வு என மேலும் செல்கிறார். பின்னர் ஓர் உவமை. தெளிந்த நீரே எனினும் வேட்கையுற்றார் கடல்நீரை உண்ணார். ஆவும் மாவும் சென்று உண்டு கலக்கிய சிறு நீர்நிலையே ஆயினும் அதனை நோக்கிச் செல்லும் வழிகள் பலவாம். ஈற்றில், பரிசில் பெறாதவர் தாம் புறப்பட்ட நேரத்தையும் புள் நிமித்தத்தையும் நோவரேயன்றி வள்ளலை நோவார். ஆதலின் வானம்போல் வரையாது வழங்கும் ஓரியே, நின்னை யான் வெறுக்கமாட்டேன் என்று முடிக்கிறார்.

இப்பாட்டினை வள்ளன்மை பற்றிய பாட்டாகவே உரைகாரர் பலரும் கொண்டனர். அது தவறன்று. எனினும் வேண்டல் பற்றிய ஒரு முழுமையான சிந்தனையும் இதனுள் அடங்கியுள்ளது. கேட்பதனால் வரும் தாழ்வைப் புலவர் மறைக்கவில்லை, அஃது உண்மை. கிடையாதவிடத்தும் கொடுப்போனின் பெருமை குறைவதில்லை என்று ஒப்புகிறார், அது பணிவு. இரண்டும் ஒரே பாட்டில், ஒன்றனை ஒன்று அழிக்காமல் நிற்கின்றன. கேட்கும் சொல்லை ஒப்பனை செய்து தாழ்வை மூடியிருந்தால் உண்மை கெட்டிருக்கும். கிடையாமைக்கு வள்ளலைக் குறை கூறியிருந்தால் பணிவு கெட்டிருக்கும்.

பன்மையும் பணிவும்

பணிவினைக் காட்டத் தமிழ் கைக்கொண்ட மற்றொரு கருவி பன்மை ஈறு. ஒருவரையே பன்மையாற் கூறும் வழக்கினை உயர்த்திக் கூறும் வழக்காகத் தொல்காப்பியர் குறித்து, அஃது இலக்கண நெறிப்பட்டதன்று என்றும் உரைத்தார். வழக்கில் உயர்வு தோன்றினும் இலக்கண நெறியில் எண் திரிவதில்லை என்பது அவர் கருத்து. பிற்காலத்தே இவ்வழக்கு மிகவும் வலுப்பெற்றது. இன்று கிறித்தவர் வேண்டல்களில் நீர், உம், தேவரீர் என வருவனவற்றைக் கேட்போர் சிலர், தமிழ்ப் பத்திமரபு இறைவனை நீ என்றே விளிப்பது, நீர் என்பது மேலைநாட்டார் புகுத்திய புது வழக்கு என்பர். இக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்தபோது வாசியில்லாக் காசு வேண்டிச் சம்பந்தர் பாடிய பதிகத்தில் இறைவன் பன்மையாலேயே விளிக்கப்படுகிறான். அப்பதிகம் முழுவதும் ஒரு வேண்டலே என்பதும் கருதத்தக்கது.

எனினும் பன்மை ஈறு பணிவுக்கு உறுதியான சான்று ஆகாது. கண்ணொளி இழந்து திருவாரூரை அடைந்த சுந்தரர், அங்கே பாடிய பதிகத்தில் இறைவனைப் பன்மையாலேயே விளிக்கிறார். ஆனால் அப்பன்மையில் இருப்பது ஊடலும் வெகுளியுமே. நெருங்கிய உறவினர் சினந்தபோது 'நீங்கள்' என்று விலகிப் பேசும் உலகவழக்கை ஒத்தது அது. தம்பிரான் தோழர் என்னும் பெயர் பெற்ற அவர், பொன்னையும் நெல்லையும் தோழனிடம் கேட்பார்போலக் கேட்டவர். குண்டையூரிற் பெற்ற நெல்லைத் திருவாரூருக்குச் சேர்ப்பிக்க ஆள் வேண்டும் என்றுகூடக் கோளிலியிற் பாடினார். அவருடைய கேள்வி தொல்காப்பியர் கூறும் ஒப்போன் கூற்றின் பாற்படும். அதனைப் பணிவற்றது என்று எந்தச் சைவரும் கூறார். ஆகவே பணிவு என்பது சொல்லின் ஈற்றில் மட்டும் தங்குவதன்று என்பது தமிழ் மரபே காட்டும் முடிபு.

வேணும் என்னும் சொல்

இவ்வளவையைக் கைக்கொண்டு கிறித்தவ வேண்டல் மொழியை அணுகுவோம். 1542இல் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்த பிரான்சிசு சவேரியார் தமிழ் அறியார். துணைவர் சிலரைக் கொண்டு வேண்டல்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியொலித்துச் சிறுவரையும் பிறரையும் கூட்டிக் கற்பித்தார். 1544ஆம் ஆண்டு தம் உடன்தொண்டர் பிரான்சிசுகோ மான்சிலாசுக்கு அவர் எழுதிய மடல் ஒன்றில் ஒரு திருத்தம் காணப்படுகிறது. நம்பிக்கை அறிக்கையில் 'வேணும்' என்று சொல்லப்பட்டு வந்த இடத்தில், விசுவாசம் என்னும் பொருள் தரும் சொல்லையே சொல்ல வேண்டும் என்கிறார். முன்னது விரும்புகிறேன் என்று பொருள்படும்; பின்னதே நம்புகிறேன் என்று பொருள்படும் என்பது அவர் தந்த விளக்கம்.

சொல் பிழைத்தால் உண்மையும் பிழைக்கும் என்று உணர்ந்த ஒருவரின் கவலை இத்திருத்தத்திற் புலப்படுகிறது. பொருளறியாது ஓதிய கூட்டத்தார்க்கு அவ்வேறுபாடு தோன்றியிராது. ஓதுவித்தவர் அதனைப் பொருட்படுத்தியதே அவர்தம் பணிவைக் காட்டும். ஆயினும் வேண்டு என்னும் தமிழ்ச்சொல்லின் பொருட்பரப்பை எண்ணுங்கால், அக்கடற்கரை மக்களின் 'வேணும்' முற்றிலும் வறிதன்று. விரும்புதலும் இரத்தலும் ஒரே பகுதியில் அடங்கிய சொல் அது. அறிக்கைக்குப் பொருந்தாத அச்சொல் வேண்டலுக்கு மிகவும் பொருந்துவது. 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'இறைவேண்டல்' என்னும் சொல்லை ஆள்கிறது. ஓரிடத்திலிருந்து நீக்கப்பட்ட சொல், நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தனக்குரிய இடத்தில் வந்து அமர்ந்தது எனலாம்.

இதனோடு செபம் என்னும் சொல்லையும் ஒப்பிடுக. இது வடமொழிச் சபம். மந்திரத்தைத் திரும்பத் திரும்ப உருவேற்றுதல் என்பது அதன் முதற்பொருள். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரமோ, சொற்களை அடுக்கிப் பிதற்றுவதனை விலக்கி, அறைக்குள் புகுந்து கதவடைத்து வேண்டுமாறு கற்பிக்கிறது. சொற்பெருக்கை விலக்கிய நெறிக்கு, உருவேற்றலைக் குறிக்கும் சொல் பெயராய் அமைந்தமை ஒரு முரணே. மன்றாட்டு என்னும் சொல் இம்முரணிலிருந்து விடுபட்டது. மன்றில் நின்று வழக்குரைத்தல் என்னும் அடிப்படையில் எழுந்து, இரந்து கேட்டல் என விரிந்தது அது. தன் குறையை முன்வைக்கும் உண்மையும், தீர்ப்பு தன் கையில் இல்லை என்னும் பணிவும் அதனுள் ஒருங்கே உள்ளன.

கடவுளைக் குறிக்கும் சொல்லும் இவ்வாறே பல நிலைகளைக் கடந்தது. அண்டிரிக்கு அடிகளார் தம்பிரான் என்றார். தத்துவ போதகர் சருவேசுரன் என்றார். பப்ரிசியசு பராபரன் என்றார். 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு தேவன் என்றது. அண்மைக்கால மொழிபெயர்ப்புக்கள் கடவுள் என்னும் சொல்லை நிலைநிறுத்தின. இம்மாற்றங்களை மொழித்தூய்மை நோக்கில் மட்டும் எடைபோடுதல் போதாது. ஒவ்வொரு சொல்லும் வேண்டுவோனை எத்தகைய உறவில் நிறுத்துகிறது என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா.

தாரும்

ஆண்டவர் கற்பித்த வேண்டலின் தமிழ் வடிவங்களில் அன்றாட உணவைக் கேட்கும் இடத்து 'தாரும்' என்னும் வினை வருகிறது. மொழிபெயர்ப்புக்கள் பலவாயினும் இவ்வினை நிலைபெற்றுவிட்டது. இழிந்தோன் கூற்றாகிய ஈ என்னும் பகுதி இங்கு ஆளப்படவில்லை. ஒப்போன் கூற்றாகிய தா என்பதே ஆளப்பட்டது. அதனோடு உயர்த்திக் கூறும் உம் ஈறு சேர்ந்தது. பகுதியில் நெருக்கமும் ஈற்றில் பணிவும் அமைந்த சொல் இது. தந்தையை விளித்துத் தொடங்கும் வேண்டலுக்கு இதனினும் பொருத்தமான வினை வாய்த்தல் அரிது. மகன் தந்தைக்கு ஒப்போன் அல்லன். ஆயினும் இரவலனும் அல்லன். தந்தையிடம் உணவு கேட்பதில் ஓரியின் புலவர் கூறிய இழிவு இல்லை.

தா என்பதன் பழைய வரையறை பிற்காலத்தே நெகிழ்ந்துவிட்டது. மொழிபெயர்த்தோர் தொல்காப்பிய நூற்பாவை எண்ணியா இச்சொல்லைத் தேர்ந்தனர் என்று கேட்கலாம். அவர் எண்ணினர் என்று நாம் கூறவில்லை. வழக்கில் இருந்த சொல்லை எடுத்தாண்டனர் என்பதே பொருந்தும். ஆனால் வழக்கு என்பது ஒரு சமுதாயம் பன்னெடுங்காலம் செய்த தேர்வு. அத்தேர்வு மொழிபெயர்ப்பில் புகுந்து நின்று பயன் தந்தது என்பதே நாம் கூறுவது.

மலைமேல் நிகழ்ந்தது

சொல் இவ்வாறு அமைந்தமை ஒருபுறம் இருக்க, அச்சொல் மெய்யாதல் வேறு. இங்கேதான் கொல்லிமலை மீண்டும் நம் பார்வைக்கு வருகிறது. அறப்பளீசுவரர் கோயிலாலும், அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுவர சதகத்தாலும், சங்கப் புலவர் பாடிய கொல்லிப்பாவையாலும் வழிபாட்டு மரபு வேரூன்றிய மலை இது. இம்மலைக்கு 1913இல் செசி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் ஆங்கிலேய இணையர் கிறித்தவத் தொண்டராய்க் குடியேறினர். ஆண்டுகள் பல கடந்தும் அவர்தம் வேண்டலில் உடன்நின்றோர் இலர். அவர்கள் மருந்து கொடுத்தனர், பள்ளி நடத்தினர். நரம்புச் சிலந்தியால் துன்புற்றோர்க்குச் செசி பிராண்டு செய்த மருத்துவத்தை, அம்மலையில் 1914இற் பிறந்த அவர் மகன் பால் பிராண்டு பின்னாளில் எழுதியுள்ளார். புழுவைச் சிறு குச்சியிற் சுற்றி, அறுந்துவிடாமல் நாள்தோறும் சிறிது சிறிதாக வெளியே எடுத்தல் வேண்டும். விரைந்து இழுத்தால் அறுந்து நஞ்சாகும்.

அந்நோய் தூய்மையற்ற நீரால் வருவது. கலங்கிய சிறு நீர்நிலைக்கு வழிகள் பல என்ற புறப்பாட்டின் உவமையை இதனோடு வைத்து எண்ணுக. வேட்கையுற்றவன் கலங்கல் நீரையும் நாடுவான் என்பது பண்டும் இன்றும் உண்மை. அந்நீர் தரும் துன்பத்தை ஏற்று ஆற்ற ஒருவர் வேண்டும் என்பதும் உண்மை. தெளிந்த கடல்போல் விரிந்த சமயச் சொற்பொழிவினால் மட்டும் அம்மலை மக்களின் வேட்கை தணிந்திராது.

1918, 1919ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய கடுங்காய்ச்சல் மலைமேலும் ஏறியபோது, பிராண்டு இணையர் கஞ்சி காய்ச்சி நோயுற்றோர்க்கு ஊட்டினர். தொடக்கத்தில் அவர்களை எதிர்த்து நின்ற பூசாரி ஒருவர் நோயுற்று இறக்கும் நிலையில் தம் குழந்தைகளை அவ்விருவரிடமே ஒப்படைத்தார் என்று அவர்தம் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மலைமக்கள் உளம் திரும்பியதற்கு இதனையே தொடக்கமாக அந்நூல்கள் காட்டும். இந்நிகழ்ச்சியைச் சமய வெற்றியாக எண்ணிப் பேசுதல் நம் பணியன்று. நாம் நோக்குவது அதன் மொழிநிலை. குழந்தைகளை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டிய பூசாரி ஒரே செயலில் இரப்போனும் ஆனார், கொடுப்போனும் ஆனார். தம் உயிரினும் மேலானதனைக் 'கொள்க' என்று கொடுத்தார். ஏற்றவரும் மறாது ஏற்றனர். ஓரியின் புலவர் வகுத்த இழிவு உயர்வு என்னும் வரிசை இங்கே குலைந்துபோகிறது. இரத்தலும் ஈதலும் ஏற்றலும் ஒன்றாய்க் கலந்த இடத்தில் எவர் உயர்ந்தார், எவர் தாழ்ந்தார் என்று பிரித்துக் கூறல் இயலாது. ஆண்டுக்கணக்காக ஓதிய 'தாரும்' என்னும் சொல்லுக்கு மலைமக்கள் பொருள் கண்டது அவ்வாறான செயல்களிலேதான்.

செசி பிராண்டு 1929 சூன் திங்களில் கருநீர்க் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். ஈவ்லின் அம்மையார் எழுபதை நெருங்கிய அகவையில் மீண்டும் மலைக்குச் செல்ல விழைந்தபோது, அவர் சார்ந்த தொண்டுக்கழகம் முதுமை கருதி இசையவில்லை. பின்னர் அவர் பணியினின்று ஓய்வு பெற்றுத் தாமே மலை ஏறினார். 1974 டிசம்பரில், தொண்ணூற்றைந்தாம் அகவையில் மறைந்து, வாழவந்தி நாட்டில் கணவர் அருகே அடக்கம் செய்யப்பெற்றார். அவர் வரலாற்றை டாரதி கிளார்க் வில்சன் 1976இல் நூலாக்கினார். கேட்டது மறுக்கப்பட்டபோதும் கேட்ட உள்ளம் கசக்காமல் நின்றமை, வள்ளலை வெறேன் என்ற கழைதின் யானையாரின் நிலைக்கு அணித்தானது.

திறனாய்வின் எல்லை

உள்ளத்து உண்மையை அளக்கத் திறனாய்வாளனிடம் அளவுகோல் ஏது என்று வினவலாம். இல்லைதான். ஒருவன் நெஞ்சில் உள்ளது பத்தியா பாசாங்கா என்று நூலாராய்ச்சி கூறாது. ஆனால் சொல்லுக்கும் உறவுக்கும் இடையே உள்ள பொருத்தத்தை அது காணும். லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் இருவர் கோயிலில் வேண்டுகின்றனர். பரிசேயன் நன்றியுரை போலத் தொடங்கித் தன் சிறப்பையே அடுக்குகிறான். வரிதண்டுவோன் தொலைவில் நின்று சில சொற்களில் இரக்கம் கேட்கிறான். முன்னவன் மொழியில் முன்னிலை பெயரளவில் நிற்க, தன்மையே எங்கும் பரந்துள்ளது. பின்னவன் மொழியில் முன்னிலையும் தன்மையும் தத்தம் இடத்தில் உள்ளன. இது மொழியாராய்ச்சிக்கு எட்டும் வேறுபாடேயாம்.

இவ்வளவையால் நோக்கின், கிறித்தவ வேண்டல் மொழிக்கு இன்று நேரும் குற்றங்கள் இரண்டு. ஒன்று, பொருள் உணராது வடசொற்களை அடுக்கி, அடுக்கியதே பணிவு என மயங்குதல். பாதிரித்தமிழ் என்று பிறர் நகையாடியது இதனையே. எனினும் அந்நகைப்பு ஒரு கொத்தான வேண்டல்களுக்கே பொருந்தும். 'தாரும்' போன்ற சொற்களை ஆக்கிய மொழிக்குப் பொருந்தாது. மற்றொன்று, எளிமை என்னும் பெயரால் நாவில் வந்ததனை எல்லாம் ஆராயாது கொட்டி, அதனையே உண்மை என மயங்குதல். 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டதன் பின், கத்தோலிக்கர் திருப்பலியும் இலத்தீனை விடுத்துத் தமிழில் நிகழலாயிற்று. புரியாமை என்னும் தடை நீங்கிற்று. புரிந்த சொல்லைப் பொறுப்போடு ஆளும் கடமையோ முன்னினும் மிகுந்தது.

சவேரியார் ஒரு சொல்லுக்காக மடலெழுதித் திருத்தம் பணித்ததும், மலைமேல் ஒருவர் புழு அறுந்துவிடாமல் பொறுமையோடு குச்சியைச் சுற்றியதும் ஒரே பண்பின் இரு வெளிப்பாடுகள். தான் கையாள்வது தன்னினும் பெரிது என்று உணர்ந்து கருத்தூன்றுதலே அப்பண்பு. அவ்விடத்தில் உண்மையும் பணிவும் முரணுவதில்லை.

இனிச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கொல்லி, பச்சை, கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழே பேசுவோர். அவருள் கிறித்தவராயினாரும் அறப்பளீசுவரரை வழிபடுவாரும் தம் வாய்மொழியில் எவ்வினை கொண்டு வேண்டுகின்றனர், ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் எது எங்கே பயில்கிறது, நீயும் நீரும் எவ்வாறு மாறி வருகின்றன என்பவற்றைக் களத்தே தொகுத்து ஒப்பிடுதல் வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் இதனை மேற்கொள்வாராயின், தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு ஓரி ஆண்ட மலையிலிருந்தே புதிய உரை கிடைக்கக்கூடும்.